மாமனார் மறைந்தார்

வலைப்பூ ஆரம்பிப்பது பெரிய வித்தையே இல்லை. ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், பின்னணிக்குப் பிடித்த நிறம், அவ்வளவுதான். ஆள் வரவேண்டும் பாருங்கள், அங்கேதான் உயிர் போகும். ஈ ஓட்டுவது என்றால் என்னவென்று டோக்கன் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

டோக்கன் அக்கா என்பது பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அதற்காகக் கண் சும்மா இருக்குமா? ஊசியைப் பார்த்ததும் "ஒரு போன் பேசிட்டு வர்றேன்" என்று படியிறங்கி அப்படியே வீடு போய்ச் சேர்கிறவர்கள், கழற்றிவைத்த பல்செட்டை அடுத்தவர் பையில் போட்டுவிட்டு மேசைக்கடியில் தேடுகிறவர்கள் என்று பார்த்ததெல்லாம் உள்ளே சேர்ந்து, யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலாயிற்று. 'பல்லைக் காட்டு' என்று பெயர் வைத்து எழுத உட்கார்ந்துவிட்டாள்.

நன்றாகத்தான் எழுதினாள். யார் படித்தார்கள்? பார்வைகள் என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போனதில் முதலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது வந்தார்களா என்று தான் எட்டிப் பார்த்ததையெல்லாம் அது சேர்த்து எண்ணியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம். வந்த ஒரே பின்னூட்டம் தண்ணீர்த்தொட்டி கழுவித் தருகிறோம் என்ற விளம்பரம். அதற்கும் "வருகைக்கு நன்றி, அடிக்கடி வாங்க" என்று பதில் போட்டாள் இந்தப் புண்ணியவதி.

கணவர் லிப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், ஆனால் படிக்கிற ஜாதி இல்லை. மனைவி எழுதியது திரையில் தெரிகிறதோ இல்லையோ, கட்டைவிரல் போய் விருப்பத்தை அழுத்திவிடும். எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டாள். படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது என்றார். பல்செட் தொலைந்த கதைக்கு!

இந்தப் பதிவுலகத்தில் 'ஓசிப்பேனா' என்ற பெயரில் ஒரு பெரிய கை உண்டு. அவர் தும்மினால்கூட நூறு பேர் வந்து ஆகா என்பார்கள். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு அவர் மூன்று வழி சொல்லியிருந்தார். தலைப்பு இரண்டே சொல்லில் நறுக்கென்று இருக்கவேண்டும். பேச்சுத் தமிழைக் குறைத்துக்கொண்டு, மதிப்பான எழுத்துத் தமிழில் எழுதவேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் கண்ணை இழுக்கும். டோக்கன் அக்கா இதை மனப்பாடமே செய்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு பதிவு, அதையும் முன்பின் தெரியாத ஒருவராவது கடைசி வரி வரைக்கும் படித்துச் சிரிக்காவிட்டால் கடையை மூடிவிடுவது என்று முடிவும் செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும்.

கடைசிப் பதிவுக்கு விஷயத்தை வீட்டிலேயே கொடுத்தார் மாமனார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ஒரு பக்கம் பணியாரம் போல உப்பியிருந்தது. மருமகள் வேலை பார்க்கிற இடத்திலேயே காலையில் முதல் ஆளாகப் பார்ப்பதற்குச் சொல்லிவைத்திருந்தாள். கிளம்புகிற நேரத்தில் ஆளைக் காணோம். குளியலறையில் இல்லை, மாடியில் இல்லை, செருப்பு மட்டும் வாசலில் இருக்கிறது. மகன் தெருமுனை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது படுக்கையறை பீரோவுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. கதவைத் திறந்தால், தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் பெரியவர். பாச்சை உருண்டை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பழைய சட்டை ஒன்றைத் தேடினேன் என்று சாதித்தார். இன்றைக்கு வரமாட்டேன் என்றும் சாதித்தார். மருமகள்தான் மருத்துவரிடம் போய் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் எழுதினாள். தலைப்புதான் இழுத்தடித்தது. பேச்சில் 'ஒளிஞ்சுக்கிட்டார்' என்று சொல்லிவிடலாம். எழுத்தில் 'ஒளிந்தார்' என்று போட்டால், பெரிய மனிதரைப் பற்றி, என்னவோ கடன்காரனைக் கண்டு பதுங்கியவர் போல இருக்கிறதே. மரியாதையாக வேறு சொல் வேண்டும். யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தாள். மாமனார் மறைந்தார். இரண்டே சொல். சூரியன் மறைகிறது, நிலா மறைகிறது, மாமனார் மறையக்கூடாதா? பிற்பாடு பீரோவைத் திறக்கிறபோது சிரிப்பு தூக்கலாக இருக்கட்டும் என்று தொடக்கத்தில் அவரை வானத்துக்குத் தூக்கினாள். "முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மழைக்கும் புயலுக்கும் அஞ்சாதவர். நம்பி ஏறிய ஒருவருக்கும் ஒரு கீறல் விழாமல் கொண்டுசேர்த்தவர்." அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்ற பொத்தான். மேலே சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு நேராகப் பார்க்கிற மாமனார், கறுப்பு வெள்ளையில்.

பதிவை ஏற்றிவிட்டு டோக்கன் கொடுக்கப் போய்விட்டாள். மேசை இழுப்பறையில் கிடந்த போன் முனகத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு முறை, அப்புறம் நிறுத்தாமல். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி இழுப்பறையைப் பார்த்தார்கள். திறந்து பார்த்தாள். பின்னூட்டங்கள். ஒன்று, பத்து, ஐம்பது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்துவிட்டார்கள், கடைசியில் வந்தேவிட்டார்கள். முதல் பின்னூட்டத்தைப் படித்தாள். "ஆழ்ந்த இரங்கல்." இரண்டாவது, "அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்." ஓசிப்பேனாவே வந்திருந்தார். "நேரில் பழகியதில்லை. ஆயினும் என் தந்தையை இழந்ததுபோல் உணர்கிறேன்" என்று எழுதி, தன் பக்கத்திலும் பகிர்ந்திருந்தார்.

தன் தலைப்பை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தாள். அடக் கடவுளே என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

மாமனாரை உயிரோடு அனுப்பிவைத்த பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட இன்னொன்று குத்தியது. இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட 'மேலும் படிக்க' என்பதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பீரோ வந்திருக்கும், தும்மல் வந்திருக்கும். கூட்டம் வந்தும் அவளைப் படிக்க ஆள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே முதல் விருப்பம் யாருடையது? கணவருடையது. அப்பா போய்ச் சேர்ந்ததற்குக் கட்டைவிரலை உயர்த்திய மகனைப் பற்றி நாலு பேர் கீழே கோபமாக எழுதியிருந்தார்கள்.

விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலிலேயே கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பதிவைப் பார்த்த மேற்பார்வையாளர் கையைப் பிடித்து, அப்பா போய்விட்டாரே, மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லி விடுமுறை கொடுத்து அனுப்பியிருக்கிறாராம். என்ன ஏது என்று கேட்கவும் தோன்றாமல் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறார் மனிதர். உள்ளே போனால் அப்பா சோபாவில் உட்கார்ந்து, வீங்காத பக்கத்தால் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மகன் கட்டிப்பிடித்த பிடியில் காப்பி பாதி சட்டையில்.

இனி மறைக்க முடியுமா? மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவை இப்போதே அழித்துவிடுகிறேன், வலைப்பூவையே மூடிவிடுகிறேன் என்றாள்.

"எங்க, குடு பாப்போம்" என்று போனை வாங்கிக்கொண்டார் மாமனார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். 'மேலும் படிக்க' என்பதை விரலால் ஒரு குத்து குத்தினார்.

வரிவரியாகப் படித்தார். மருமகள் சுவரோடு சுவராக நின்றாள். புகழ்ந்த இடத்தில் தலையை ஆட்டினார். பீரோ வந்த இடத்தில் முகம் இறுகியது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தபோது அவர் தோள் குலுங்கியது. சிரித்தார். சிரித்தால் பல் வலிக்கிறது, வலித்தால் ஐயோ என்கிறார், ஐயோவுக்குப் பிறகு மறுபடி சிரிக்கிறார். கடைசி வரி வரைக்கும் போய்விட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சட்டை தேடினேன்னு சொன்னதை நீ நம்பவே இல்லையாம்மா?"

"இல்ல மாமா."

"நானும் நம்பல" என்றார்.

அப்புறம் இரங்கல்களுக்குப் போனார். ஒவ்வொன்றையும் ரசித்துப் படித்தார். இத்தனை பேர் தனக்காக வந்திருக்கிறார்களே என்று மகனிடம் பெருமை அடித்துக்கொண்டார். ஆன்மாவுக்கு இரண்டு சுழி போதாதா, மூன்று போட்டு அழுதிருக்கிறானே ஒருத்தன் என்று குறையும் சொன்னார். அழிக்க மட்டும் விடவில்லை. பீரோ விஷயம் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று அவள் தயங்கினாள்.

"தெரியட்டும். நல்லா எழுதியிருக்கேம்மா. இத படிக்காம போறாங்களே, அவங்களுக்குத்தான் இரங்கல் சொல்லணும்" என்றவர், ஒற்றை விரலால் தானே ஒரு பின்னூட்டம் தட்டினார். வெகுநேரம் ஆயிற்று. "மறைந்தது நான்தான். பீரோவுக்குள் மறைந்தேன். இப்போது வெளியே காப்பி குடிக்கிறேன். வந்தவர்கள் யாரும் போகவேண்டாம். எல்லோரும் மேலே போய் முழுக்கப் படியுங்கள். என் மருமகள் எழுதியது."

கொஞ்ச நேரம் போன் வாயே திறக்கவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று டோக்கன் அக்கா தேற்றிக்கொண்டு சட்டையிலிருந்த காப்பிக் கறையைத் துவைக்கப் போனாள். கை நுரையாக இருக்கும்போது கணவர் ஓடிவந்து போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஓசிப்பேனா வெட்கத்தோடு ஒப்புக்கொண்டிருந்தார், தலைப்பைத் தாண்டிப் போகவில்லையாம், இப்போது முழுக்கப் படித்துவிட்டு வயிறு வலிக்கிறதாம். அவருக்குக் கீழே முன்பின் தெரியாத ஒரு தையற்காரம்மா எழுதியிருந்தாள். "'எங்கள் பீரோவில் இதுவரை இத்தனை மதிப்புள்ள எதையும் நாங்கள் வைத்ததில்லை' என்று எழுதியிருக்கீங்களே, அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கை கோணலாகப் போய்விட்டது. பக்கத்து மிஷின்காரி என்னவென்று கேட்டாள். அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இப்போது கடையே சிரிக்கிறது. பழைய பதிவெல்லாம் வரிசையாகப் படிக்கப் போகிறோம்."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணைத் துடைக்கப் போய் நுரை கண்ணுக்குள் போயிற்று, அது வேறு எரிச்சல். யாரென்றே தெரியாத இரண்டு பெண்கள் எங்கோ ஒரு கடையில் அவள் வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. நுரைக் கையோடு கூடத்துக்கு ஓடினாள்.

"மாமா, படிச்சிருக்காங்க. முழுசா படிச்சிருக்காங்க."

மாமனார் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்துப் பிழைச்சது நானு, பேர் வாங்கினது நீ" என்றார். "சரி சரி, உட்காரு. அந்தத் தையக்காரம்மா எழுதினத எனக்கும் ஒருதரம் படிச்சுக் காட்டு."