ரயிலை நிறுத்திய கழுத்து

1

நான் என் கழுத்தால் ஒரு ரயிலை நிறுத்தியிருக்கிறேன்.

கையைக் காட்டி அல்ல, கத்திக் கூப்பிட்டு அல்ல, தண்டவாளத்தில் விழுந்தும் அல்ல. காதுக்குக் கீழே, சட்டைக் காலருக்கு மேலே, நான்கு விரல் அகலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த எழுபத்திரண்டு வயதுத் தோலால். ஆறு பெட்டி. எண்ணூறு பயணிகள். டிரைவர் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

[பதிப்பாசிரியர் குசுமோதோ, ஓரத்தில், பென்சிலால்: "நம்ம லைன்ல ஓடுறதே ரெண்டு பெட்டிதான். ரயில் நிக்கவும் இல்ல. மொத வரியிலேயே பொய்யா?"]

சரி, இரண்டு பெட்டி. மற்றதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஷிகொகுத் தீவின் கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஓய்வுபெற்றவர்களின் பாட்டுக் குழு ஒன்று உண்டு. செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு, ஊர்ப் பொதுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் கூடுவோம். பதினேழு பேர். வருடக் கடைசியில் ஒரு மலர் போடுவோம். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒருவர் வெந்நீர் ஊற்றுக்குப் போய்வந்ததை எழுதுவார், ஒருவர் முள்ளங்கி ஊறுகாய் போட்டதை எழுதுவார். நான் முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியதில் எதையாவது எடுத்து ஊதி விடுவேன். அதில் காற்றை இறக்குவது குசுமோதோவின் வேலை. முன்னாள் அஞ்சலக அதிகாரி. சரியான முகவரி இல்லாத எதையும் அவர் நம்ப மாட்டார்.

இந்த முறை வேறு மாதிரி. இந்தப் பக்கங்கள் ஒரே ஒருவர் படிப்பதற்காக எழுதப்படுகின்றன. அவர் மூன்று செவ்வாயாக வரவில்லை. மலர் தபாலில் அவர் வீட்டுக்குப் போகும். அதனால் ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து அடுக்களைக்குப் போகிறேன், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வருகிறேன், அந்த வரியை அடிக்கிறேன்.

2

அவர் பெயர் மிசாவோ.

(அவர் பெயர் மிசாவோ இல்லை. மாற்றியிருக்கிறேன். இது யார் என்று அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற பதினாறு பேருக்கும் தெரியும்.)

வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தனியாக இருக்கிறார். வசந்த காலத்தில் குழுவில் சேர்ந்தார். கீழ்க் குரலில் அவரளவு சுத்தமாகப் பாட எங்களில் ஆளில்லை. யாராவது சுருதி தப்பினால் திரும்பிப் பார்க்க மாட்டார். தன் குரலைக் கொஞ்சம் உயர்த்தி அவர்களைத் தூக்கிக்கொண்டு போவார். "செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நான் வாயைத் திறக்கறேன். மத்த நாள்ல யார்கிட்ட திறக்கறது?" என்று என்னிடம் ஒரு முறை சொல்லிச் சிரித்தார்.

அவரிடம் ரோஜா மணக்கும். ஒரு ரோஜா அல்ல. ரோஜா ஏற்றிய லாரி கவிழ்ந்தது போல. அவர் கீழ்ப்படியில் கால் வைக்கும்போதே மாடியில் பியானோ தும்மும்.

[குசுமோதோ: "பியானோ தும்மாது."]

குசுமோதோ, நீ அன்று கைக்குட்டைக்குள் முகத்தை வைத்திருந்தாய். உனக்கு எப்படித் தெரியும்?

3

இங்கே வாசனை பற்றி ஒரு கட்டுரைப் பத்தி வர வேண்டும். மூன்று முறை தொடங்கினேன்.

"ஆதிகாலம் தொட்டே எங்கள் நாட்டில் மணம் என்பது" – ஆதிகாலத்தில் நான் இல்லை. அடித்துவிட்டேன்.

"சென்ட் பூசுவது தனிமனித உரிமை எனினும்" – இதற்கு மேல் எனக்கே கொட்டாவி வந்தது.

பேருந்து ஓட்டியவனாகவே சொல்கிறேன். கண்ணாடியைப் பார்க்காமலே, மூன்றாம் வரிசைக்காரர் முந்தின நாள் தின்ற மீன் என்ன, அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று சொன்ன மூக்கு என்னுடையது. எங்கள் ஆட்களும் சென்ட் பூசுவார்கள். கணுக்காலில், முழங்காலுக்குப் பின்னால், கிமோனோக் கையின் உள்மடிப்பில். பூசியவருக்குத் தெரிய வேண்டும்; பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரலாம், உறுதியாகத் தெரியக் கூடாது. சுஷிக் கடையில் மணக்க மணக்க உட்கார்ந்தால் சமையல்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். கத்தி மட்டும் ஒரு கணம் நிற்கும். லிஃப்டிலிருந்து நீங்கள் இறங்கிய பிறகும் உங்கள் சென்ட் மேலே போய்க்கொண்டிருந்தால், அது நீங்கள் பின்னால் வருகிறவரின் மடியில் உட்கார்ந்த மாதிரி.

இதையெல்லாம்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. அதை உரியவரிடம் சொல்லவே கூடாது. ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து, "இன்னைக்கு வெக்கையா இருக்குல்ல?" என்று கேட்கலாம். வெளியே பனி பெய்தாலும் கேட்கலாம்.

நாங்கள் வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வரை வெக்கை வெக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

4

அக்டோபரில் எங்களை நடத்தும் ஊராபே டீச்சர் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். "அறையில் உள்ள வாசனையால் சிலர் சிரமப்படுவதாகத் தெரிகிறது. ஒருவருக்கொருவர் கருத்தாக இருப்போம்." பெயர் இல்லை. எங்கள் அறிவிப்புகளில் பெயர் இருக்காது.

பெயர் இல்லாத அறிவிப்பு என்ன செய்யும் தெரியுமா? ஒவ்வொருவரும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முன்வரிசைப் பெண்மணி ஒருவர் இருக்கிற துணியையெல்லாம் மறுபடி வெறும் தண்ணீரில் அலசினார். ஒருவர் நாற்பது வருடமாகத் தடவிய தலை எண்ணெயை விட்டார்; முடி நாற்பது வருடக் கோபத்தோடு எழுந்து நின்றது. நான் ஒரு நாளைக்கு நான்கு முறை குளித்தேன். ஊர் நீர்த்தேக்கம் இரண்டு முழம் இறங்கியது. குசுமோதோ காலையில் தின்னும் நாத்தோவை, அந்த வாடையடிக்கும் புளித்த சோயாவை, நிறுத்தினார்.

[குசுமோதோ: "நிறுத்தல. குறைச்சேன்."]

அடுத்த செவ்வாய் நாங்கள் பதினாறு பேரும் கழுவிய கண்ணாடி டம்ளர்கள் போல, ஒரு வாசனையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. மிசாவோ-சான் வந்தார்.

இரண்டு லாரி.

5

நவம்பரில் பக்கத்து நகரத்தில் பாட்டு விழா. அதற்கு முந்தின வாரம் படிக்கட்டில் டீச்சர் என்னை நிறுத்தினார்.

"தெரானிஷி-சான், விழா முடிஞ்சதும் அவங்களைக் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

"அவங்க நல்லா கல்லு மாதிரிதானே இருக்காங்க?"

"அதான்... உடம்பைக் கவனிச்சுக்கோங்கன்னு சொல்வேன்."

ஒருவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்த இதைவிடச் சத்தமில்லாத வழி எங்களிடம் கிடையாது. ஒரே ஒரு நாள் வாயைத் திறக்கிறவருக்கு அந்த நாளும் போய்விடும்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. குழுவில் அவரைவிட மோசமாக மணக்கிற ஒருவன் இருந்தால்?

பல்பொருள் அங்காடியின் முதல் தளத்துக்குப் போனேன்.

"ரொம்ப தூரம் போற சென்ட் எது?"

"தூரமா, ஐயா? எல்லாரும் போகாததைத்தான் கேப்பாங்க."

"எனக்குப் போகணும்மா. பக்கத்து ஊர் வரைக்கும் போகணும்."

"யாருக்காவது பரிசுங்களா?"

"எனக்குத்தான். கழுத்துக்கு."

அந்தப் பெண் ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு மேலாளரை அழைத்து வந்தாள். அவர் பின்னறையிலிருந்து தூசி தட்டி ஒரு கஸ்தூரி பாட்டில் கொண்டுவந்தார். "ஏழு வருஷமா இது போகல, ஐயா. ஒரு சொட்டு... அரைச் சொட்டு போதும்."

முழு பாட்டில் போட்டேன்.

6

விழா நாள். ஒன்பது பன்னிரண்டு ரயில். பதினேழு பேரும் பின்பெட்டியில். மிசாவோ-சான் ரோஜாவாக ஒரு மூலையில், நான் கஸ்தூரியாக எதிர் மூலையில். நடுவில் மனிதகுலம். முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டார்கள். தூங்கிய ஒருவர் தூக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் நிறுத்தத்தில் ஒரு குடை தானாக விரிந்தது.

பிறகு எங்கோ மணி அடித்தது. ரயில் அடுத்த சின்ன நிலையத்தில் நின்றது, நின்றபடியே இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஏறி வந்தார்.

"ரொம்ப மன்னிக்கணும். ஏதோ வித்தியாசமான வாசனைன்னு தகவல் வந்திருக்கு. யாருக்காவது உடம்புக்கு முடியலையா?"

பெட்டி முழுக்கத் தலைகள் தங்கள் செருப்பைப் பார்த்தன. நான் மிசாவோ-சானைப் பார்த்தேன். அவர் முகம் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. கைப்பையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழப் போனார்.

நான் முந்திக்கொண்டேன். "நான்தான்! கஸ்தூரி! முழு பாட்டில்!"

இப்படி ஒரு வாக்குமூலத்தை அந்த ஊழியர் எதிர்பார்க்கவில்லை. "இல்லீங்க ஐயா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு அடுத்த வண்டியில..." என்று இழுத்தார். நான் பெட்டியின் நான்கு திசைக்கும் குனிந்து வணங்கிவிட்டு, வெற்றி வீரனாக இறங்கினேன்.

[குசுமோதோ: "ரயில் நின்னது சிக்னலுக்கு. எனக்கு எதுவும் தெரியாது, நான் தூங்கிட்டிருந்தேன்."]

கவனியுங்கள். முதல் பக்கத்தில் ரயில் நிற்கவே இல்லை. இப்போது சிக்னலுக்கு நிற்கிறது. தூங்கியவருக்குச் சிக்னல் எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதி அனுப்பினேன்.

7

திரும்பிப் பார்த்தால், மிசாவோ-சானும் இறங்கியிருந்தார். கதவு மூடி ரயில் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்தோம். கடல் காற்று எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனது.

"தெரானிஷி-சான், ஒண்ணு கேக்கவா? உங்களுக்கும் மூக்கு போயிடுச்சா?"

அந்த 'உங்களுக்கும்'. நான் எட்டு மாதமாக முகர்ந்தும் கண்டுபிடிக்காதது.

"மூணு வருஷம் முன்னாடி குளிருல ஒரு காய்ச்சல். அதோட போச்சு. மிசோ சூப் வெறும் சுடுதண்ணி. அது பரவாயில்லைங்க. வயசானா ஒரு வாடை வரும்பாங்கல்ல? எனக்கு வருதான்னே தெரியல. வந்தாலும் யாரும் சொல்ல மாட்டாங்க. பக்கத்துல நிக்கறவங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு ஆறு தடவை அடிச்சுப்பேன். கதவுல அந்தத் தாளைப் பார்த்ததுல இருந்து பன்னண்டு."

எங்களுக்காக அவர் பூசினார். அவருக்காக நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "வாடையே இல்லைங்க. ஒரு தடவை அடிச்சா போதும். அதிகமாச்சுன்னா நான் சொல்றேன்" என்கிறேன். அவர் சிரிக்கிறார். செவ்வாய்க்கிழமை வருகிறார்.

இரண்டு: "ஆமா, எனக்கும் போயிடுச்சு" என்று பொய் சொல்கிறேன். அவர் முகம் மலர்கிறது. பிறகு, மெதுவாக, "பாவம், உங்களை எல்லார் முன்னாடியும் இறக்கிட்டாங்களே. நானும் உங்களை மாதிரிதானே. என்னையும் ஒருநாள் இறக்குவாங்க. அதுக்கு முன்னாடி நானே..." என்கிறார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூன்று: நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ரயில்

மூன்றாவதை விட்டுவிட்டேன். அது கோழையின் முடிவு. நடந்தது இரண்டாவது, அதுவும் கோழையின் முடிவுதான், கொஞ்சம் அதிகமாகப் பேசுகிற கோழை. எழுபத்திரண்டு வயது வரை ஊர் சிரிக்கப் பொய் சொன்னவனுக்கு, தேவைப்பட்ட அன்று வாயில் வந்ததும் பொய்தான். அவரே வருவதை நிறுத்திவிட்டார்; டீச்சர் அவரை ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

மிசாவோ-சான், என் மூக்கு நன்றாக இருக்கிறது. கடவுளே வந்து கேட்டாலும் இதில் ஒரு சொல் ஊதவில்லை. அன்று பெஞ்சில் ரோஜாவுக்கு அடியில், கஸ்தூரிக்கும் அடியில், தேடித் தேடி முகர்ந்தேன். சலவை செய்த பருத்திச் சட்டை வாசனை. அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை.

வாசகரே, மேற்கொண்டு எனக்குத் தெரியாது. அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு அந்தக் கதவு திறக்குமா, எத்தனை லாரி வரும், எல்லாம் உங்கள் பொறுப்பு. எனக்கு ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டது.

8

தீரவில்லை. மேலே உள்ளதை குசுமோதோவின் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து மதியச் சோற்றில் கை வைப்பதற்குள் வாசலில் அவரே. செருப்பைக் கழற்றவில்லை. கையில் என் தாள்கள். கடைசி இரண்டு பக்கங்களில் பென்சில் படவே இல்லை.

"இதை மலர்ல போட முடியாது."

"ஏன், உண்மை பத்தலையா?"

"தபால்ல அனுப்ப முடியாதுன்னு சொல்றேன். முப்பத்தஞ்சு வருஷம் தபால் பார்த்தவன் சொல்றேன், சிலதை நேர்லதான் குடுக்கணும். கோட்டை மாட்டு. நானும் வர்றேன்."

"ரயிலே நிக்கலன்னியே! நடக்காத கதையை வீடு தேடிப்போய் என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

அவர் தாள்களைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"அந்த வாசனை அவங்களோடதுன்னுதான் நெனச்சேன். உன் கழுத்துன்னு எனக்கெப்படித் தெரியும்? சீருடை போட்டவங்க யாராவது வந்து சொல்லிட்டா, நாம யாரும் சொல்ல வேண்டியதில்லையேன்னு..."

"என்னய்யா உளர்ற?"

"ரயில்ல கதவுப் பக்கத்துல, அவசரத்துக்குன்னு செவப்பா ஒரு பொத்தான் இருக்கும்ல. அழுத்தினது நான்தான்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார். "ரயில் நின்னுச்சு, தெரானிஷி. நின்னுச்சு."