ஆயில் சம்ப்பில் ஒரு புது போல்ட்

என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அன்றைக்குப் புத்தி வேலை செய்யாது. 2006 ஜனவரியில் அப்படிச் சிரித்தவள் ஸ்ம்ருதி, எங்கள் கார் கிளப்பின் செயலாளர். சோழவரம் பழைய ஓடுதளத்தில் நடந்த கால் மைல் பந்தயத்தில் என் பேலியோவை இரண்டு கார் நீளத்தில் தோற்கடித்துவிட்டு இறங்கி வந்தாள்.

"கிட்டு, உன் வண்டி நல்லாப் பாடுது. ஓடத்தான் மாட்டேங்குது," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே எரிந்தது.

அவள் வண்டியில் டர்போ இருந்தது. என்னுடையதில் இல்லை, அது நானே தேர்ந்தெடுத்தது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜலால் பாய், என் வண்டியில் வேலையைத் தொடங்கும் முன்பே என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"ரெண்டு வழி கீது சார். டர்போ போட்டா காத்த உள்ள அடிச்சித் தள்ளும். அப்ப இன்ஜின் உள்ள எடம் லூசா இருக்கணும். டர்போ இல்லாம பண்ணா, வர்ற காத்தயே இறுக்கி அமுக்கணும். இன்ஜின் மேல மூடி கீதே, ஹெட்டு, அத்த ஷேவ் பண்ணுவேன். இது ஒண்ணு, அது ஒண்ணு. ரெண்டும் சேராது. எது வோணும்?"

நான் இரண்டாவதைக் கேட்டேன். மூன்று வாரம் அவர் அந்த ஹெட்டைக் கையாலேயே தேய்த்தார். காற்றை அமுக்கும் விகிதத்தை, அதாவது கம்ப்ரஷனை, பத்திலிருந்து பதினொன்றுக்கு ஏற்றினார். முடிந்த அன்று திருநீர்மலை ரோட்டில் இருவரும் ஓட்டிப் பார்த்தோம். ஏழாயிரம் ஆர்.பி.எம்.மில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எப்டி மச்சான்?" என்று தொடையில் தட்டினார். அதுவரை நான் 'சார்'. அன்றிலிருந்து மச்சான். என் வண்டியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கிளப்பில் மூன்று பேர் தங்கள் ஹெட்டையும் அவரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அது பெரிய வேலை.

இதெல்லாம் தெரிந்தும் சோழவரத்திலிருந்து நேரே பெருங்களத்தூரில் ஜெயவேலு என்ற இன்னொரு மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனேன். அவரிடம் ஒரு பழைய டர்போ இருந்தது. அடுத்த பந்தயம் இரண்டு வாரத்தில். யாருக்கும் சொல்லாமல் மாட்டி, ஸ்ம்ருதியின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

ஜெயவேலு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஹெட்டு எதுனா ஷேவ் பண்ணிக்கீதா சார்? பண்ணிருந்தா இன்ஜின பிரிக்கணும். ஒரு மாசம் ஆவும்."

"இல்ல. கம்பெனி ஹெட்டுதான்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நாக்குக்கூடக் குழறவில்லை.

ஒரே வாரத்தில் மாட்டிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் மிதித்தேன். சீட்டோடு முதுகு ஒட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், நாற்பது விநாடி நான்தான் ராஜா. பிறகு தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம், பின்னால் புகை, வண்டி நின்றுவிட்டது. வாய் தைத்த அரிசி மூட்டையில் இன்னும் இரண்டு படியைத் திணித்தால் மூட்டை என்ன செய்யும்?

ஜெயவேலு கயிறு கட்டி இழுத்துப் போனார். டர்போவைக் கழற்றச் சொன்னேன். புகை போகும் பழைய மேனிஃபோல்டையே மாட்டி, டர்போவின் ஆயில் திரும்பி வர இன்ஜினின் அடித்தட்டான சம்ப்பில் போட்ட துளைக்கு ஒரு போல்ட்டைத் திருகி அடைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்கு நிம்மதி.

மறுநாள் ஞாயிறு. பெருங்களத்தூர் டீக்கடையில் கிளப் கூடும் நாள். நான் பைக்கில் போய் இறங்கினேன்.

"வண்டி எங்கே?" என்றாள் ஸ்ம்ருதி.

"இன்ஜின் போச்சு."

"அய்யய்யோ. அது ஜலால் பாய் பண்ண இன்ஜின்தானே?"

"ஆமா," என்றேன்.

அதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யும் அதுதான். ஹெட் கொடுக்க இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் டீயை ஊதி ஊதிக் குடித்தேன். அன்று மாலையே அவர்கள் வேண்டாம் என்று ஜலாலுக்குச் சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

இரவு ஜலால் போன் பண்ணினார். "இன்னா மச்சான், இவ்ளோ நடந்துகீது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே? எனக்குப் பேஜாராயிடும்னு பாத்தியா? வண்டிய கொண்டாந்து போடு. துட்டு கிட்டுன்னு பேசாத. என் வேல, நான் பாத்துக்கிறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்கட்கிழமை வண்டி அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது.

வியாழக்கிழமை அவர் கூப்பிட்டுப் போனேன். ஹெட் கழன்று மேசை மேல் இருந்தது. மூன்றாவது பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஜலால் முகத்தில் மூன்று நாள் தாடி.

"நாலு தபா அளந்துட்டேன் மச்சான். கணக்கு சரியாத்தான் வருது. ஆனா எங்கியோ கூட எடுத்துட்டேன் போல. பத்து வருசத்துல இப்டி ஆனதில்ல." ஹெட்டைத் துணியால் துடைத்தார், அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "தப்பா நெனச்சிக்காத."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"பரவால்ல பாய். யாருக்கும் தப்பு வரும்," என்றேன்.

அவரை நான் மன்னித்தேன். நான்!

அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்கு ரெண்டு டீ சொல்லிவிட்டு, பிஸ்டனை வெளியே எடுப்பதற்காக வண்டிக்கு அடியில் புகுந்தார். அதற்கு முதலில் சம்ப்பை இறக்க வேண்டும். அது என் ஞாபகத்துக்கு வந்தபோது ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். என்னுடையது ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கையில் சம்ப். பக்கவாட்டில் அந்தப் புது போல்ட். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"யாரு போட்டது?"

"ஜெயவேலு."

"ஹெட்டு ஷேவ் பண்ணிக்கீதான்னு கேட்டிருப்பானே."

"கேட்டார்."

"நீ இன்னா சொன்ன?"

டீ வந்தது, இருவரும் எடுக்கவில்லை.

"மூணு நாளா தொண்டைல சோறு எறங்கல," என்றார் மெதுவாக. "என் கையி போச்சுன்னு நெனச்சிட்டேன். டர்போ வோணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமே? ஹெட்ட மாத்தி நானே போட்டுக் குடுத்திருப்பேன். அதுல இன்னா வெக்கம்?"

திட்டியிருந்தால் தேவலை. கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் பதினாறு பேர் முன்னால் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டர்போ, ஜெயவேலுவிடம் சொன்ன பொய், அடைத்த துளை, கடைசியில் அந்த 'ஆமா'. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"என்கிட்ட தோத்தப்பகூட நீ இதவிட மரியாதையா இருந்தடா," என்றாள் ஸ்ம்ருதி. போனை எடுத்து அங்கேயே ஜலாலுக்குப் பேசினாள். மூன்று ஹெட்டும் அவரிடமே போயின.

மாதக் கடைசியில் வண்டி தயார் என்று தகவல் வந்தது. போனேன். மேசை மேல் அந்த மூன்று ஹெட்டுகள் வரிசையாக இருந்தன. ஜலால் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். செலவை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார், கொடுத்தேன். வண்டியைக் கிளப்பினேன். பழைய சத்தம் அப்படியே இருந்தது. ஏமாற்றியவன் வண்டிதானே என்று வேலையில் குறை வைக்கவில்லை மனிதர்.

இறங்கி வந்து வாசலில் நின்றேன்.

"பாய், ஒரு டீ சாப்பிடலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நீங்க சாப்டுங்க சார்," என்றார்.