திருகாணி இல்லாத கிளாம்ப்

ரேடியேட்டர் ஹோஸைக் கவ்வியிருந்த கிளாம்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தான் வல்லரசு. அதில் திருகாணியே இல்லை. வெறும் ஸ்பிரிங் கம்பி. அதன் இரண்டு காதுகளையும் பிளையரால் சேர்த்து அமுக்கினால்தான் விடும். பிளையரைக் காணோம். ஓட்டை ஹோஸை மாற்றாமல் டாக்சி நகராது. ஏர்போர்ட் சவாரி கைவிட்டுப் போய்விடும். தூங்காத கண்கள் மணல் விழுந்தாற்போல் எரிந்தன.

"பவானி, பிளையர் எங்க கீது?"

"எங்கிட்டதான் கீது. தரமாட்டேன்," என்றாள் மனைவி, வாசற்படியில் உட்கார்ந்தபடி.

"இன்னா வெளையாட்டு இது? சவாரி பூடும்."

"போவட்டும். போய்ப் படு மாமா."

"நேத்து உன்ன கூட்டிகினு வந்தேனே, ஒழுங்காதான வூடு வந்து சேந்தோம்?"

பவானி பிளையரை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"எர்ணாவூர் மேம்பாலத்துல நீ தூங்கிட்ட. எதுக்க வந்த லாரில மோதாம ஸ்டியரிங்க திருப்புனது நான்."