வேரில் மேய்ந்த ஆடு

அந்த பாக்டீரியாவுக்குப் பேராசிரியை வைத்த பெயர் 'வீட்டோடு மாப்பிள்ளை'. பயறுச் செடியின் வேர்முடிச்சுக்குள் சொகுசாக உட்கார்ந்து சர்க்கரையை வழித்துத் தின்கிறதே தவிர, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதில்லை என்பது அவர் கட்சி. ஆய்வு மாணவிக்கோ அது செல்லப்பிள்ளை. மண்ணைச் சலித்துத் தேடி, வளர்த்து ஆளாக்கியவள் ஆயிற்றே. உழைக்கிற கிருமி என்றால் அந்த வேலைக்கான புரதம் முடிச்சுக்குள் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால் கிருமி வளரும் குப்பிகளை வேகவைத்துக் கொட்டிவிடுவதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார்.

அவள் குளிர் அறையில் உட்கார்ந்து முடிச்சுகளை அரைத்துப் புரதத்தைப் பிரித்து இயந்திர அறையில் கொடுத்தாள். புரதத் துண்டுகளை எடைபோட்டு, எது யாருடையது என்று சொல்லும் இயந்திரம் அது. அதைக் கட்டிக் காப்பவரை எல்லோரும் 'அண்ணன்' என்பார்கள். மறுநாள் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூப்பிட்டார்.

"உன் வேர்ல ஆடு மேயுதும்மா."

திரை முழுக்க ஆட்டு ரோமத்தின் புரதம். கிருமி இருந்த இடமே தெரியவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. பிறகு தன் கையைப் பார்த்தாள். குளிர் அறைக்கென்று கணவன் வீடியோ பார்த்துப் பின்னித் தந்த கம்பளி ஸ்வெட்டர். ஒரு கை குட்டை, ஒரு கை முழநீளம். அந்த நீளக் கைதான் குழாய்களுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறது. ஆசையாகப் பின்னிய மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

மிச்சம் இருந்தது ஒரு சிட்டிகை முடிச்சு. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, தலைமுடியை மூடிக்கட்டி, பல் தந்தியடிக்க எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். இயக்குநரே கேட்டாலும் முறைவரிசையை மாற்றாத அண்ணன், இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வைத்திருந்த நேரத்தைச் சத்தமில்லாமல் அவளுக்குக் கொடுத்தார்.

வெள்ளி மதியம் திரையில் ஆடு இல்லை. செடியின் புரதங்களுக்கு நடுவே, தழைச்சத்துப் பிடிக்கும் புரதம் துண்டு துண்டாக, எல்லாத் துண்டும் கிருமியினுடையதாக நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பேராசிரியை வந்தார். குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முகம் மாறியது. எப்படியும் ஒன்றும் வராது என்று காலையிலேயே குப்பிகளை வேகவைக்கக் கொதிகலனுக்கு அனுப்பியிருந்தார்.

அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று நடைபாதையிலேயே தங்கிவிட்டது. கொதிகலன் மூடியைத் திருகிக்கொண்டிருந்த ஊழியரின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கச் சொன்னார்.

"நிறுத்துங்க, உள்ள நம்ம பையன் இருக்கான்."