ஒன்பதாவது வரிசை

நூரிஸ் நூலை இழுத்தாள். வரிசை முழுவதும் சரசரவென்று அவிழ்ந்து மடியில் சுருள் சுருளாக விழுந்தது. முக்கால் மணி நேரம் பின்னியது, முக்கால் நிமிடத்தில் போயிற்று.

"போதும் போதும், மொத்தத்தையும் பிரிச்சுக் கொட்டிடாத," என்று வலை ஊஞ்சலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஒன்பதாவதை மட்டும் பிரி. எட்டு வரைக்கும் சரியாத்தான் இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டே படுத்திருக்க. எட்டு சரி, ஒன்பது தப்புன்னு கனவு கண்டியா?"

"விரல் இருக்குல்ல, தடவிப் பாத்தேன். எடது கை இன்னும் சாகல."

அக்கா ஒதிலியாவின் வலது கை செத்துத்தான் போயிருந்தது. மார்பில் கட்டியை வெட்டி எடுத்தபோது அக்குளையும் சேர்த்துச் சுரண்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை வீங்கி, விரல்கள் மடங்காமல், தண்ணீர் நிரப்பிய தோல்பை போலக் கிடந்தது. அந்தக் கடற்கரைப் பக்கத்தில் அவள் பின்னிய பைக்கு நிகராக இன்னொருத்தி பின்னியதில்லை. இப்போது குரோஷா ஊசியைப் பிடிக்க முடியவில்லை. கட்டி மறுபடி வந்து, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்தபடி அவள் தங்கையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். முதுகில் மாட்டுகிற மாதிரி ஒரு பை.

தோளில் தொங்குகிற ஒற்றை வார்ப் பைகள் வீட்டில் பதினைந்து கிடந்தன. எல்லாம் அவளே பின்னியவை. ஆனால் ஒற்றை வார் ஒரு பக்கமாக இழுக்கும். வலது தோளில் ஈ உட்கார்ந்தாலே அவளுக்கு உயிர் போய்விட்டு வந்தது. "பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாட்டுற மாதிரி ரெண்டு வார் வச்சுப் பின்னிக் குடு. பாரம் நடுமுதுகுல நிக்கணும். கெட்டியா இருக்கணும், வழியில பிஞ்சு தொலைஞ்சா யாரு தைக்கிறது? அது இல்லாம நான் கிளம்ப மாட்டேன்," என்றாள்.

எந்த வழி என்று நூரிஸ் கேட்கவில்லை. நிலம் கடலுக்குள் நீளும் முனைக்கு அப்பால், கடலோரத்தில், ஆவிகள் தங்கும் ஹெபிரா இருக்கிறது. செத்தவர்கள் அதுவரைக்கும் நடந்துதான் போக வேண்டும். அந்த ஊருக்கு லாரி விட இதுவரை எந்த அரசாங்கமும் முன்வரவில்லை. குடிக்கத் தண்ணீர், கொஞ்சம் மாவு, காபித்தூள் எல்லாம் சுமந்துகொண்டு போக வேண்டும்.

நல்ல கைக்கு அது பன்னிரண்டு நாள் வேலை. நூரிசுக்கு நாற்பது நாளாகியும் முடியவில்லை. அவள் கை நல்ல கை என்று யாரும் சொன்னதில்லை. பெரியவளானபோது ஒதிலியாவை முழுதாக ஒரு வருஷம் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். வெளுத்துப் போய், முடி வெட்டி, கையில் பின்னல் வித்தையோடு வெளியே வந்தாள். நூரிசின் முறை வந்தபோது அம்மா காய்ச்சலில் விழுந்துவிட்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை என்று ஏழாம் நாளே கதவைத் திறந்து வெளியே இழுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு அவள் 'ஏழு நாள்காரி'. ஐம்பத்திரண்டு வயதிலும் அந்தப் பெயர் போகவில்லை. நூரிசும் சும்மா இருக்கிறவள் இல்லை. வாய்க்கு வாய் கொடுத்தே இருவரும் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளிவிட்டார்கள். கட்டிய புருஷன்கள் வந்தார்கள், போனார்கள். சண்டை மட்டும் நிலைத்து நின்றது.

பையின் அடித்தட்டு முடிந்து, சுவர் எழும்பி, மீன்கண் கோலம் இரண்டு அடுக்கு ஏறியிருந்தது. ஒரு நிற நூலால் பின்னும்போது இன்னொரு நிற நூலைப் பின்னலுக்குள்ளேயே ஒளித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் சுவர் தடித்து, பை தானாக நிற்கும். ஒரு மீன்கண்ணுக்குப் பதினான்கு கண்ணி. ஒன்று விட்டால் போதும், அடுத்த வரிசையிலேயே எல்லாக் கண்ணும் நொண்ட ஆரம்பிக்கும். மூன்றாவது அடுக்கில், அதன் ஒன்பதாவது வரிசையில், நொண்டியது. நூரிஸ் பிரித்தாள், பின்னினாள். மறுபடி நொண்டியது. ஒன்பது நாளாக இதே கதை.

இதற்கிடையில் சீலோ மாமா இரண்டு தோள்வாரையும் பின்னிக் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட்டுப் போனார். கழுதைச் சேணத்துக்குக் கயிறு பின்னுகிற கை அவருடையது.

"இதைப் போட்டா என்னையும் தண்ணி எடுக்க ஓட்டிட்டுப் போயிடுவாங்க மாமா," என்றாள் ஒதிலியா.

"அறுந்து போகாதும்மா, அது ஒண்ணுக்கு நான் பொறுப்பு," என்றார் அவர். அம்மாவின் தம்பி. இந்த வீட்டில் பெண் கொடுப்பதும் பிணம் எடுப்பதும் அவர் வாய்ச்சொல்லில்தான் நடக்கும். அவர் இப்போதே தொழுவத்தில் ஆடுகளைக் கண்ணால் பிரித்துக்கொண்டிருந்தார். எது துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு, எது மிச்சம் வைப்பது என்று. நூரிசுக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

காற்று மண்ணை வாரிச் சுவரில் அடித்தது. நூரிஸ் அவிழ்ந்த நூலைச் சுற்றிவிட்டு ஊசியை எடுத்தாள்.

"நூரிஸ்."

"என்ன, காபி வேணுமா?"

"வேண்டாம். இங்க பாரு. தெரியாம கண்ணி விடுறவளுக்கு ஒரு நாள் அஞ்சாவது வரிசைல விடும், ஒரு நாள் பன்னெண்டாவதுல விடும். உனக்கு மட்டும் தெனமும் கரெக்டா ஒன்பதாவதுலயே விடுதே. அது எப்படி?"

நூரிஸ் நூல் நுனியைத் தேடுவது போலக் குனிந்தாள்.

"நீ ஏழு நாள்காரிதான். அதுக்காக இவ்வளவு மோசமில்ல. மொத ரெண்டு அடுக்கையும் தடவிப் பாத்துட்டேன், என் கை மாதிரியே இருக்கு. நீ வேணும்னே விடுற."

"ஆமா, வேணும்னேதான் விடுறேன்," என்று நூரிஸ் சீறினாள். "பையில்லாம கெளம்ப மாட்டேன்னு நீதான சொன்ன? அப்ப கெளம்பாத. நீ பாட்டுக்கு மூட்டையைக் கட்டிட்டுப் போயிடுவ. இந்த வீட்டுல நான் யாரு கூடச் சண்டை போடுறது? சுவத்தோடவா?"

சொல்லி முடித்த பிறகுதான், தன் குரல் வெளியே ஆட்டுத்தொழுவம் வரை கேட்டிருக்கும் என்று உணர்ந்தாள். வெளியே மாமாவின் செருப்புச் சத்தம் நின்றது. பிறகு விலகிப் போனது.

ஊஞ்சலின் கயிறு மட்டும் உத்திரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பிறகு ஒதிலியா மிகவும் சின்னக் குரலில் சொன்னாள்.

"வலிக்குதுடி."

பிரசவத்தில் குழந்தை செத்துப் பிறந்தபோதும் சொல்லாத வார்த்தை. கட்டியை வெட்டிவிட்டு வந்து நான்கு மணி நேரம் லாரியில் குலுங்கியபோதும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அக்கா வாயிலிருந்து நூரிஸ் இதைக் கேட்டதே இல்லை. இந்த ஒன்பது நாளும் தான் பிரித்துப் பிரித்து நீட்டிய வலியை அவள் வாயை மூடிக்கொண்டு தாங்கியிருக்கிறாள். நூரிசுக்குத் தன் கைகளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பாவி, பாவி என்று உள்ளே அடித்துக்கொண்டது.

அவள் ஸ்டூலை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள்.

ஒன்பதாவது வரிசை முடிந்தது. ஒதிலியா இடது கை விரலை நீட்டினாள். நூரிஸ் பையை விரலுக்கடியில் மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். விரல் ஒரு சுற்று முழுவதும் ஊர்ந்தது. எங்கும் நிற்கவில்லை.

"ம்," என்றாள் ஒதிலியா.

குறை சொல்லாமல் அவள் ஒரு பின்னலைக் கையிலிருந்து விட்டது அதுதான் முதல் தடவை. இதற்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறோம் என்று நூரிசுக்கு ஞாபகம் வந்தது. இப்போது கிடைத்து என்ன செய்ய?

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மதியம் மாமா ஆட்டுச் சாறும் அரேப்பா என்கிற சோள ரொட்டியும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். யாரும் தொடவில்லை. விளிம்பு இரண்டு வரிசை. சுருக்குக் கயிறு. ஒதிலியா இடையிடையே தூங்கினாள், அல்லது தூங்குவது போலக் கிடந்தாள். வெயில் சாய்ந்தபோது வார்கள் இரண்டையும் அடியிலும் மேலும் சேர்த்து, சேர்த்த இடத்தை மூன்று மடங்கு பின்னி இறுக்கியாயிற்று. வலது வாரை மட்டும் நூரிஸ் இன்னும் நான்கு விரல் தளர்த்தி வைத்தாள். வீங்கின கை நுழைய வேண்டுமே.

ஊசியில் கடைசி வளையம் நின்றது. அதற்குள் நூலை இழுத்து முடிந்துவிட்டு வெட்ட வேண்டும். அவ்வளவுதான். நூரிஸ் ஊசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டு," என்றாள் ஒதிலியா. கண் திறக்கவில்லை.

நூரிஸ் வெட்டினாள்.

"மாட்டிவிடு."

"இப்பவா?"

"அளவு பாக்க வேண்டாமா? அப்புறம் யார்கிட்ட வந்து சரிபண்ணச் சொல்றது?"

அக்காவைத் தூக்கி உட்கார வைக்க நூரிசுக்குப் பலமே தேவைப்படவில்லை. உள்ளே ஆளே இல்லாத சட்டையைத் தூக்குவது போலிருந்தது. முதலில் வலது கை. ஒவ்வொரு விரலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிறகு இடது. காலியான பை முதுகில் நிமிர்ந்து நின்றது. ஒதிலியா கால்களை ஊஞ்சலிலிருந்து கீழே தொங்கவிட்டு, தோள்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"கனமே இல்ல."

"இன்னும் ஒண்ணும் போடலையேக்கா."

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள். சிரிப்பு வெளியே வரவில்லை. தலை நூரிசின் கழுத்தில் வந்து சாய்ந்தது. நூரிஸ் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாமா விளக்கோடு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் அசையவில்லை.

மறுநாளிலிருந்து ஜனம் வந்தது. லாரியில், மோட்டார் சைக்கிளில், கழுதையில். பெண்கள் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு சவப்பெட்டியருகே வரிசையாக உட்கார்ந்து ஓலமிட்டார்கள். நூரிசும் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே ஒன்றும் வரவில்லை. துணிக்கடியில் கண்ணைத் திறந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தவளின் பெயரை இனி யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. மரகாய்போ நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு மருமகள் மட்டும் காபி ஊற்றும்போது, "நம்ம ஒதி..." என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் அவள் கையைக் கிள்ளிய வேகத்தில் காபி மணலில் கொட்டியது. சீலோ மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. பாதியில் நின்ற அந்தப் பெயர்தான் நூரிசின் காதில் நாளெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை அம்மாவழி இடுகாட்டுக்குத் தூக்கினார்கள். வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவில் பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்து வைத்தார்கள். நூரிஸ் பையைக் கொண்டுவந்தாள். இரண்டு பாட்டில் தண்ணீர், சோள மாவு, காபித்தூள், உப்புப் போட்ட ஆட்டுக்கறி, சீப்பு. வாயைச் சுருக்கி முடிச்சிட்டாள்.

பக்கத்து வீட்டு ஃபிதெலியா கையை நீட்டி அதை வாங்கினாள். பின்னலில் குற்றம் பார்ப்பதில் அவள் ஒதிலியாவுக்கு அடுத்தபடி. அடித்தட்டைத் தட்டினாள், வாரை இழுத்தாள், மீன்கண் ஒவ்வொன்றையும் நகத்தால் எண்ணிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏதாவது சொல்ல வாய் துறுதுறுத்தது தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"அவங்களே பின்னி வச்சதா?" என்று கேட்டாள்.

நூரிஸ் ஒரு கணம் யோசித்தாள். "ஆமா," என்றாள்.

"முதுகுல மாட்டணும் மாமா," என்றாள் பிறகு.

"படுத்திருக்கிறவளுக்கு முதுகுல உறுத்துமேம்மா."

"அப்ப எடது பக்கமா வைங்க. வலது பக்கம் படக்கூடாது."

மாமா இடது பக்கம் வைத்தார். வார்களைத் தானே நேராக்கி, எடுத்ததும் மாட்டிக்கொள்ளத் தோதாகக் கைக்குப் பக்கத்தில் விரித்துவிட்டார். மூடியை மூடினார்கள். மேலே சிமெண்ட் பூசுகிற வரை பெண்களின் ஓலம் நிற்கவில்லை.

திரும்பும்போது மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். வீட்டில் ஆடு வெந்துகொண்டிருந்தது. நூரிசும் மாமாவும் மட்டும் பின்தங்கினார்கள். இடுகாட்டிலிருந்து முனையை நோக்கி, ஹெபிராவுக்குப் போக, ஒரே தடம்தான். இரண்டு பக்கமும் கள்ளி. லாரிகள் போய்ப் போய் அகலமான தடம். பாதித் தூரத்தில் அதிலிருந்து வீட்டுக்குப் பிரிய வேண்டும்.

நூரிஸ் தடத்தின் ஓரத்திலேயே நடந்தாள். கள்ளி அவள் அங்கியைப் பிடித்து இழுத்தது. முழங்கையில் ஒரு கோடு சிவந்து, ரத்தம் முத்து முத்தாகத் துளிர்த்தது.

"ஏம்மா, வழி முழுக்கக் காலியாக் கெடக்குதே," என்றார் பின்னால் வந்த மாமா. "முள்ளுல ஏன் ஒரசிக்கிட்டு நடக்குற? நடுவுல வா."

"இருக்கட்டும் மாமா," என்றாள் நூரிஸ்.

மாமா அவளைப் பார்த்தார், காலியான தடத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஓரத்துக்கு வந்து அவள் பின்னால் நடந்தார்.