கால்மாட்டில் நின்றவர்

மாமனார் இறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நாத்தனார். அவளுடைய தம்பி, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் மனைவி, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவர்களுடைய ஏழு வயது மகன். மாமனாரோடு ஒரே படைப்பிரிவில் போருக்குப் போய்த் திரும்பிய சலவைக்கடைப் பெரியவர். பூட்டுத் திறக்க வந்த ஆள். இவர்கள் தவிர, கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து நடுக்கூடத்தில் போட்டிருந்த ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எக்ஸ்ரே வந்தாச்சு, எல்லாரும் எலும்பை மூடிக்குங்க" என்றுதான் நாத்தனார் கதவைத் திறந்தாள். தம்பி மனைவிக்கு அவள் வைத்த பெயர் அது. யாரைப் பார்த்தாலும் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவள் என்பது நாத்தனாரின் கட்சி. மருமகள் அதை மறுத்ததில்லை.

கூடியது மாமனாரை நினைத்துப் பேசுவதற்காக. நாத்தனார்தான் ஆரம்பித்தாள்.

"மழை பெஞ்சா பஸ் ஸ்டாப்புல குடையோட நிப்பாரு. குடையை நம்ம கையில குடுத்துட்டு, கூட நடக்க மாட்டாரு. பத்தடி பின்னால வருவாரு. எவனோ பின்னாடியே வர்றான்டின்னு என் கூட்டாளிங்க பாதி வழியில ஓடியிருக்காளுங்க."

சிரிப்பு எழுந்தது. மருமகள் சிரிக்கவில்லை.

"ஆரஞ்சுப் பழத்தைச் சுளை எண்ணித்தான் பங்கு வைப்பாரு. ஒண்ணு மிச்சமானா அதையும் பிச்சுக் குடுப்பாரு. அவர் தின்னு நான் பாத்ததில்ல" என்றான் தம்பி.

சலவைக்கடைப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "அங்க இருந்தப்பவும் அவனுக்கு வீட்டு ஞாபகம்தான். எதிராளி இருந்த பக்கம் கண்ணை வச்சுக்கிட்டே, எம் பொண்ணுக்கு இந்நேரம் முன்பல்லு விழுந்திருக்கும்பான்."

"நீயும் ஏதாச்சும் சொல்லேன்" என்றாள் நாத்தனார். "அஞ்சு வருஷம் அவர் போட்ட டீயைக் குடிச்சவதானே?"

"நல்லவரு" என்றாள் மருமகள். பல் பிடுங்கும்போது வருவதுபோல் வந்தது அந்தச் சொல்.

அவளுக்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் இருந்த ஐந்தாவது வருடம், ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து திரும்பினாள். மாமனார் வாசலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய செருப்பு. இன்னொரு கையில் ஒரு நூல். அவளைக் கண்டதும் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சரி, வயதானவர், என்னவோ என்று விட்டாள். ஒரு வாரம் கழித்து மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது, அவர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அப்போதும் கையில் நூல். "தூங்கு, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே அறைக்கு உள்தாழ்ப்பாள் போட வைத்தாள். "உங்கப்பா என் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள். செருப்பைப் பற்றியும் நூலைப் பற்றியும் சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால் விஷயம் இன்னும் அசிங்கமாகிவிடும் என்று பட்டது. அவன் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனான். மருத்துவமனைக்குப் பக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்கள். மகனுக்கு அப்போது மூன்று வயது. அதற்குப் பிறகு சாவுக்கு வந்ததைத் தவிர அவள் இந்தப் படி ஏறவில்லை.

இப்போது பெட்டி. அவள் நினைத்த அசிங்கம் உள்ளே இருந்தால் மகன் கண்ணெதிரே அது வெளியே வரும். வேறு ஏதாவது இருந்தால், விலகியிருந்த நான்கு வருடத்துக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ போய் வெளிய விளையாடு" என்றாள் மகனிடம்.

"மாட்டேன். பெட்டி திறக்கறதைப் பாக்கணும்."

பூட்டுக்காரர் கம்பியை நுழைத்தபடி, "பூட்டைச் சுத்திக் கீறலா இருக்கே" என்றார். "யாரோ நோண்டியிருக்காங்க."

சாவி தேடிக் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் மருமகள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்கக்கா? நான் இங்க வர்றதே இல்லையே."

"அதான் பாக்கறேன்."

"பழைய கீறல்தாம்மா" என்று பூட்டுக்காரர் அவசரமாகச் சொன்னார். "கை நடுங்கறவங்க சாவி போட்டா இப்படித்தான் ஆகும்."

பூட்டு வாய் திறந்தது. மேலே ஒரு கம்பளி. நாத்தனார் அதை விலக்கினாள். அடியில் பழுப்பு நிறத்தில், கயிறு வைத்த ஒரு ஜோடி பெண்கள் ஷூ.

மருமகளுக்கு ஒரு கணம் நிம்மதியாகவே இருந்தது. நான் நினைத்தது சரி. அந்த ஒரு கணம்தான். நாத்தனார் அடுத்த ஜோடியை எடுத்தாள். அது ஆண்களுடையது. அடுத்தது மறுபடி பெண்களுடையது. பிறகு சின்னதாக ஒன்று, கொஞ்சம் பெரிதாக ஒன்று, இன்னும் இரண்டு. எதன் அடியிலும் தூசி இல்லை. ஒவ்வொன்றிலும் மாமனாரின் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு தொங்கியது. மகள். மகன். பேரன் என்று நான்கு ஜோடி. முதலில் எடுத்ததில், மருமகள். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் முடிச்சுப் போட்ட ஒரு நூல் சுருண்டு கிடந்தது. அவருக்கென்று ஒன்றும் இல்லை.

"என்ன கடை வச்சிருந்தாரா?" என்றார் பூட்டுக்காரர்.

பெரியவர் ஒரு ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தொன்பது நாள் நடந்தோம், ஊர் ஜனத்தையும் கூட்டிக்கிட்டு. நிக்க நேரமில்லாம, கால்ல என்ன இருந்துச்சோ அதோட கிளம்புன ஜனம். பாதிப்பேர் குண்டு பட்டுச் சாகல. கால் புண்ணாகி உக்காந்தாங்க. உக்காந்தவங்க எந்திரிக்கல. எம் பிள்ளைங்களை அப்படி உக்கார விடமாட்டேன்னு அப்பவே சொன்னான். மறந்துட்டான்னு நெனச்சேன்."

தம்பி ஒரு நூலை விரலில் சுற்றினான். "சின்ன வயசுல எங்க காலையும் நூல் வச்சுத்தான் அளப்பாரு. எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டாரு. பயந்துடுவோம்னு."

"எனக்குத் தெரியுமே!" மகன் தன் ஜோடிகளில் பெரியதைப் போட்டுக்கொண்டு குதித்தான். விரலுக்கு முன்னால் வளர இடம் விட்டு, சரியாக இருந்தது. "தாத்தா சனிக்கிழமையானா அளப்பாரு. கூசும்."

மருமகள் கணவனைப் பார்த்தாள். சனிக்கிழமைதோறும் மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். இரண்டு மணி நேரம் பூங்காவில் ஆடிவிட்டு வரும் பிள்ளையின் செருப்பில் ஒரு துளி மணல்கூட இருக்காது. அவனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இரண்டு தடவை அவன் சட்டைப்பையைத் துழாவியிருக்கிறாள்.

"உன்கிட்ட கேட்டா விட்டிருப்பியா?" என்றான் அவன்.

"விட்டிருக்க மாட்டேன். நான் சொன்னதை நீங்க நம்பல."

"நம்பினேனா இல்லையான்னு எனக்கே தெரியல. பையனை ஒரு நிமிஷம் தனியா விட்டதில்ல. பக்கத்துலயே உக்காந்து அப்பா கையையே பாத்துக்கிட்டிருந்தேன். நாலு வருஷம்."

அவன் 'மருமகள்' சீட்டுத் தொங்கிய ஷூவிலிருந்து நூலை உருவினான். அதைக் கையில் தொங்கவிட்டபடி, மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு அவர் கையில நூல் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதை மறுக்க ஆளில்லை. பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"இருந்துச்சு" என்றாள்.

"என்னைக்கு? எதைச் சொல்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள் நாத்தனார்.

மருமகளே சொன்னாள், செருப்பு, கட்டில், தாழ்ப்பாள், வாடகை வீடு என்று ஒன்றையும் விடாமல். மகன் ஷூக் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

நாத்தனார், "தன் குறட்டையாலதான் நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சாரு. நாலு வருஷமா மல்லாந்து படுக்கவே இல்ல. ஒருக்களிச்சுப் படுத்துத் தோள் புண்ணாப்போச்சு. நான் தைலம் தேய்ச்சுவிட்டேன்" என்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" மருமகளின் குரல் உயர்ந்தது. "உன் செருப்பு என்ன அளவுன்னு கேட்டா சொல்லமாட்டேனா? தூங்கறவ கால்மாட்டுல வந்து நின்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

"கேட்டிருக்கணும்" என்றார் பெரியவர். "அது அவன் தப்புதான்."

"அவர் தப்பை அவர்கிட்ட கேக்க முடியாதே" என்றாள் நாத்தனார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "அந்த ஷூ உனக்குத்தான். போட்டுக்கிட்டுப் போ."

"அக்கா..." என்றான் தம்பி.

"நீ உக்காருடா."

அவன் உட்கார்ந்தான். "நாங்க பின்னால வரோம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மருமகள் கீழே அமர்ந்து ஷூவை மாட்டினாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் லொடலொடக்கவில்லை. அவள் போட்டுவந்த பழைய செருப்பு வாசல் அலமாரியிலேயே கிடந்தது. "நானும் கிளம்பட்டுங்களா?" என்று பூட்டுக்காரர் பையைத் தூக்கினார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் இருந்தவரை, கடைசி ஆள் உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கதவைப் பூட்டுவார். இரண்டு சுற்று, பிறகு பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

அவள் படியிறங்கித் தெருவில் கால் வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்தியது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. பிடி ஒருமுறை இழுபட்டது.