பதினான்காம் பத்தி

குடும்ப நீதிமன்றத்துக்கு எதிர்மாடியில், ஒரு வக்கீலம்மாவிடம் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சராக இருந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விவாகரத்து மனு எதையும் அவர் புதிதாக அடிப்பதில்லை. கடைசியாக முடித்த மனுவைக் கணினியில் திறப்பார். பெயர், முகவரி, திருமணத் தேதியை மாற்றுவார். மற்றதை மேலோட்டமாகப் பார்த்து அச்சுக்கு அனுப்புவார். பிரிகிறவர்களின் துயரமெல்லாம் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். களைத்த மனிதருக்கு அப்படித்தான் தோன்றும்.

அன்று நீதிமன்ற வராந்தாவில் கோப்புக்கட்டோடு நின்றிருந்தார். பெஞ்சின் ஒரு கோடியில் வக்கீலம்மாவின் கட்சிக்காரப் பெண்; மறுகோடியில் அவள் கணவர், தையற்காரர். மகளை இனி மாதம் ஒருமுறை, அலுவலர் முன்னிலையில்தான் தகப்பன் பார்க்கலாம் என்று சற்றுமுன்தான் உத்தரவாகியிருந்தது.

"நான் குடிச்சிட்டுப் பாப்பாவை அடிச்சேனா? என்னைப் பிடிக்கலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். இதை எப்படி எழுதின?"

"நான் எங்கங்க எழுதினேன்? கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். படிக்கத் தெம்பில்ல."

"என் சட்டைப் பையில இருந்த துண்டுச் சீட்டைக்கூட விடாமப் படிச்சவ நீ."

தட்டச்சர் கோப்புக்கட்டை அவிழ்த்தார். மனுவைப் புரட்டினார். பதினான்காம் பத்தியில் இருந்த குடியும் அடியும் அதற்கு முன் அடித்த மனுவின் லாரி ஓட்டுநருடையவை. ஓநாய்க்கு எழுதிய குற்றப்பத்திரிகையை ஆட்டின் கழுத்தில் மாட்டியாயிற்று.

வக்கீலம்மாவிடம் ஓடிச் சொன்னார். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இப்போது கிளறினால் தம் மானம் கப்பலேறும், அடுத்த வாய்தாவில் பார்க்கலாம், மீறிப் பேசினால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அடுத்த வாய்தாவுக்கு மூன்று மாதம் இருந்தது.

தட்டச்சருக்குக் கால் வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் திரும்பி நடந்தார். பெஞ்சைக் கடக்கும்போது தையற்காரர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை அப்பா வரமாட்டாருன்னு பாப்பாகிட்ட நீயே சொல்லிடு. ஏன்னு மட்டும் சொல்லாத."

தட்டச்சர் நின்றார்.

"தம்பி, தப்பு என்னோடது. வேற ஒருத்தர் மனுவுல இருந்ததை எடுக்காம விட்டுட்டேன். உங்க வீட்டம்மா மேல வருத்தப்படாதீங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க, ஜட்ஜ் ஐயாகிட்ட நானே சொல்றேன்."

நம்பாமலே இருவரும் எழுந்தார்கள். வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருக்க, தட்டச்சர் கதவைத் தள்ளி முன்னே போய், நீதிபதியிடம் பேச அனுமதி கேட்டார்.